கலைச்சொல் வேணும்: கே டிடெக்டிவ்

சூரமங்கலம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டுல நம்ம குழு மர்மப் படம் போடப் போறோம்ல, அதுல ஒரு நாள் முழுக்க துப்பறியறவரே கேயா, அதாவது ஆம்பளைய விரும்பற ஆம்பளையா, வர்ற படங்களுக்குன்னு ஒதுக்கியாச்சு, அதுக்கு ஒரு சின்ன கையேடு அடிக்கணும், கையேடு முழுக்க தமிழ்லதான் இருக்கணும்னு கூட்டத்துல பேசி முடிச்சிட்டாங்க. மத்ததெல்லாம் எழுதிட்டேன், ‘கே டிடெக்டிவ்’ங்கற எடத்துல வந்து நிக்குது. 2022 ஆகஸ்ட்ல பால்புதுமையர் (எல்ஜிபிடி ஆட்கள்) சம்பந்தப்பட்ட சொல் பட்டியல் தமிழ்நாடு கெஜட்ல வந்தது எல்லாருக்கும் தெரியும், இப்ப பத்திரிகைலயும் தன்பாலீர்ப்புன்னு எழுதறாங்க, அத வெச்சு ‘தன்பாலீர்ப்புத் துப்பறிவாளர்’னு போட்டிருக்கேன். தலைப்புல போட்டா ரெண்டு வரி புடிக்குது. சின்னதா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை பிரஸ்ல குடுக்கணும்.

குகை வாத்தியார்:

தம்பி, நீளம் ஒரு பிரச்சனையே இல்ல, நீளமான சொல்லெல்லாம் புழங்கிப் புழங்கி தானா சுருங்கிரும். எனக்கு இடிக்கறது வேற. தமிழ்ல ‘துப்பறிவாளர்’ முன்னாடி ஒரு விஷயத்தோட பேர வெச்சா அது அவரு எதைத் துப்பறியறாருங்கறதத்தான் சொல்லும். கொலைத் துப்பறிவாளர்னா கொலைய விசாரிக்கறவரு, அவரே கொலைகாரர்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அப்ப தன்பாலீர்ப்புத் துப்பறிவாளர்னு படிக்கறவனுக்கு என்ன தோணும்? ஒருத்தன் ஆம்பளைய விரும்பறானா பொம்பளைய விரும்பறானான்னு பின்னாடியே போயி வேவு பாக்கற ஆளுன்னுதான் தோணும்.

இது ஏதோ இலக்கணக் குசும்புன்னு நினைக்காதீங்க, அப்பிடிப்பட்ட ஆளு நெசமாவே இருக்கான். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைய விசாரிச்சுக் குடுக்கறோம்னு வரி விளம்பரம் பாத்ததில்லையா நீங்க. சினிமாவுலயும் ரொம்ப வருஷம் இந்த ஆளுதான் ஹீரோ. 1968ல ஃப்ராங்க் சினாட்ரா நடிச்ச ‘தி டிடெக்டிவ்’ எடுத்துக்கோங்க, நியூயார்க்ல ஒரு கே ஆள் கொலையாகறாரு, சினாட்ரா விசாரிச்சு அவரோட ரூம்ல இருந்த பையன்கிட்ட வாக்குமூலம் வாங்கி அவன மரண தண்டனைக்கு அனுப்பிடறாரு, பின்னாடிதான் தெரியுது ஆள் மாறிப் போச்சுன்னு. உண்மையான கொலைகாரன் தன்னோட ஆசைய தானே வெறுத்து ஒளிச்சு வெச்ச இன்னொருத்தன். 1980ல ‘க்ரூஸிங்’, அல் பசினோ போலீஸ்காரரா அதே நியூயார்க்ல கே பார்களுக்குள்ள வேஷம் போட்டுக்கிட்டு நுழையறாரு. 1979ல ஷூட்டிங் நடக்கறப்பவே அந்த ஊர் கே ஆட்கள் தெருவுல எறங்கி எதிர்ப்பு காட்டுனாங்க. இந்த ரெண்டு படத்துலயும் துப்பறியறவன் ஒரு பக்கம், கே ஆட்கள் இன்னொரு பக்கம். துப்பறியறவன் கையில டார்ச் லைட்டு, வெளிச்சம் அடிக்கறது அவங்க மூஞ்சில.

நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம். 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவு எப்பிடி வந்துச்சுன்னு பாருங்க. மதுரைல இருந்து ரெண்டு பொண்ணுங்க சேந்து வாழணும்னு சென்னைக்கு வந்துட்டாங்க, வீட்டுல காணோம்னு கம்ப்ளைண்ட் குடுத்தாங்க, போலீஸ் விசாரணைன்னு வந்து நின்னுச்சு, அதத் தாங்காமத்தான் அவங்க கோர்ட்டுக்கே போனாங்க. அதே வழக்கோட தொடர்ச்சியாத்தான் 2022ல போலீஸ் நடத்தை விதியில 24-சி புதுசா சேத்தாங்க, பால்புதுமையரை போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. தன்பாலீர்ப்பைத் துப்பறியறதுங்கறது நம்ம ஊர்ல ஒரு பொழப்பு, அத நிறுத்தறதுக்கு விதி போட வேண்டியிருந்துச்சு. கையேட்டுல நீங்க சொல்ல வர்றது நேர் எதிரான ஆளு. அதனால இந்தத் தொகைச்சொல் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

கே டிடெக்டிவ்னே போட்டுட்டா என்ன? எல்லாருக்கும் புரியும். பிரஸ்காரன் எழுத்துக்குக் காசு வாங்கறதில்ல.

சூரமங்கலம் தம்பி:

அக்கா, கூட்டத்துல முடிவு பண்ணதே தமிழ்ல போடணும்னுதான். அதுவும் நம்ம ஊரு கொஞ்சம் கெத்து காட்ட வேண்டிய ஊரு, 1916ல ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் விஞ்ஞானச் சொல்லுக்கெல்லாம் தமிழ் கண்டுபிடிக்கணும்னு சங்கம் ஆரம்பிச்சு பத்திரிகை போட்டது இதே சேலத்துலதான். அவங்க கெமிஸ்ட்ரிக்கே கண்டுபிடிச்சாங்க, நாம ஒரு டிடெக்டிவுக்கு முழிச்சிட்டு நிக்கறோம்.

ஏற்காடு எஸ்டேட்காரர்:

மலையில நெட்டு வர்றப்பத்தான் மெயில் எறங்குது, அதான் லேட்டு. வாத்தியார் சொன்ன இடக்கு சரிதாங்க. ஆனா கே ஆணுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு அழகான சொல்லு இருக்கு, நம்பி. நங்கை, நம்பி, ஈரர் (ரெண்டு பாலையும் விரும்பறவங்க), திருநர்னு சென்னைல இந்த விஷயத்துல வேலை செய்யறவங்க ரொம்ப நாளா எழுதிட்டு வர்றாங்க. பழைய சொல்லு, ஆண்கள்ல சிறந்தவன்னு அர்த்தம், திட்டு வாசனை துளிகூட இல்ல. ‘நம்பித் துப்பறிவாளர்’னு வெச்சா வாத்தியார் சொன்ன கொழப்பமும் வராதுன்னு நினைக்கறேன்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

யார நம்பித் துப்பறியறாரு?

ஏற்காடு எஸ்டேட்காரர்:

ஹாஹா, அக்கா அடிச்சாங்க பாருங்க. டிடெக்டிவ்னா யாரையும் நம்பக்கூடாது, அதுதான் அவன் தொழில் தர்மமே, போயும் போயும் அவனுக்கு நம்பித் துப்பறிவாளர்னு பேரு வெச்சா தமிழ் சினிமால இடைவேளைக்கு முன்னாடியே ஏமாந்துருவான்.

குகை வாத்தியார்:

சொல்லு நல்ல சொல்லுதான், வெச்ச எடம்தான் தப்பு. திருப்பிப் போடுங்க. ‘துப்பறியும் நம்பி’. பெயரெச்சம் முன்னாடி வந்துட்டா யார் துப்பறியறாங்கங்கறதுல சந்தேகமே இல்ல, துப்பறியறவரு நம்பிதான். தேவனோட ‘துப்பறியும் சாம்பு’ படிச்சு வளந்த காதுக்கு இது புதுசாவே கேக்காது. ரெண்டே சொல்லு, தம்பியோட தலைப்பும் ஒரே வரில அடங்கிரும். பொம்பளையா இருந்தா துப்பறியும் நங்கை.

அம்மாப்பேட்டை:

நான் பொதுவா இந்த விவாதத்துல வாய் தொறக்கறதில்ல, ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது. சாம்பு ஒரு அசடு, தற்செயலா தடுக்கி விழுந்து கேஸ கண்டுபிடிக்கற ஆளு, அந்த ஜாடை இந்தப் பேருக்கு வந்து ஒட்டிக்கும், ஏற்கெனவே நம்ம சினிமால கே கேரக்டர்னா காமெடிக்குத்தான் கூப்பிடுவாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, எதுக்குங்க தனிப் பேரு? 1970ல நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் ‘சி.ஐ.டி. சங்கர்’ எடுத்தாங்க, ஜெய்சங்கர் துப்பறிஞ்சாரு, அவர ‘எதிர்பாலீர்ப்புத் துப்பறிவாளர்’னு யாராச்சும் சொன்னாங்களா? துப்பறிவாளர் துப்பறிவாளர்தான், வீட்டுல யாரோட படுக்கறாருங்கறது கேஸுக்கு எதுக்கு.

ஏற்காடு எஸ்டேட்காரர்:

அம்மாப்பேட்டை சொல்றது கேக்கறப்ப ஞாயமாத்தான் தெரியுது, ஆனா நீங்க சொன்ன ஜெய்சங்கரையே எடுத்துப் பாருங்களேன். அவரு யார விரும்பறாருன்னு யாரும் பேரு வெக்கலதான், ஏன்னா வெக்கத் தேவையே இல்லாத மாதிரி படம் முழுக்க காட்டிட்டாங்க, பாட்டு வேற இருக்கு. அந்தப் படத்துல நடிச்ச சகுந்தலாவுக்கு ‘சி.ஐ.டி. சகுந்தலா’ன்னு கடைசி வரைக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. நம்ம பாக்கெட் நாவல் பக்கம் வாங்க, பரத்னா கூடவே சுசீலா, விவேக்னா ரூபலா, நரேந்திரன்னா வைஜயந்தி. டிடெக்டிவுக்கு ஜோடி இல்லாம அட்டைப்படமே வராது. தமிழ்வாணனோட சங்கர்லாலுக்கு டீ எவ்வளவு முக்கியமோ வீட்டுல பொண்டாட்டி இந்திரா இருக்கறதும் அவ்வளவு முக்கியம். யாரோட இருக்காருங்கறது கேஸுக்குத் தேவையில்லதான், ஆனா வாசகனுக்கு அத பக்கத்துக்குப் பக்கம் ஊட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. (சுஜாதாவோட கணேஷ்-வசந்த் மட்டும் ரெண்டு பிரம்மச்சாரியா ஒரே ஆபீஸ்ல காலத்த ஓட்டிட்டாங்க, அந்த வம்பு நமக்கு வேண்டாம், வசந்த் அடிக்கற ஜோக்கே அவருக்கு சாட்சி.)

அதனால நீங்க சொல்ற மாதிரி ‘சும்மா துப்பறிவாளர்’ங்கறவரு எங்கயும் கெடையாது, ஜோடியோட வர்றவருதான் சும்மா துப்பறிவாளர்னு நமக்குப் பழகிருச்சு. அந்தப் பழக்கத்துக்குள்ள வராதவருக்கு ஒரு பேரு வேணும், இல்லன்னா அவரு இருக்கறதே கண்ணுல படாது.

நல்ல உதாரணம் பெனுவா ப்ளாங்க். 2019ல அவரு துப்பறியற ‘நைவ்ஸ் அவுட்’ வந்துச்சு, ப்ளாங்க்கா நடிச்சது டேனியல் கிரெய்க், ஜேம்ஸ் பாண்ட் பண்ணிட்டிருந்த அதே ஆளு. அந்தப் படத்துல அவரு வீட்டப் பத்தி ஒண்ணுமே பெருசா வராது. 2022ல ‘க்ளாஸ் ஆனியன்’ல லாக்டவுன் சீன், ப்ளாங்க் குளியல் தொட்டில கெடக்காரு, பின்னாடி ஒருத்தர் வந்து கதவத் தொறக்கறாரு, யாருன்னு பாத்தா ஹ்யூ கிராண்ட். அவ்வளவுதான், அரை நிமிஷம் இருக்குமா. இவங்க ரெண்டு பேரும் சேந்து குடித்தனம் பண்றாங்கன்னு புரிஞ்சவனுக்குப் புரியும், அதுக்கப்புறம் கதை தீவுல நடக்கற கொலைக்குப் போயிரும். டைரக்டர் ரியான் ஜான்சன்கிட்ட அந்த வருஷமே பத்திரிகைக்காரங்க கேட்டப்ப ஆமா அவரு அப்பிடித்தான்னு சாதாரணமா சொல்லிட்டாரு. கேஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரூபலா காபி போட்டுக் குடுக்கற மாதிரி ஹ்யூ கிராண்ட் கதவத் தொறக்கறாரு. எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சது.

இதுக்கு முன்னாடி 2005ல ஷேன் ப்ளாக் எடுத்த ‘கிஸ் கிஸ் பேங் பேங்’ல வால் கில்மர் பண்ண பெரி, லாஸ் ஏஞ்சலஸ் தனியார் டிடெக்டிவ், ஊரே அவர கே பெரின்னுதான் கூப்பிடும். அதுல நக்கல் கொஞ்சம் ஜாஸ்திதான், எல்லா ஜோக்கும் நல்லா வயசாகல, ஆனா படத்துல வேலை தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான், ராபர்ட் டவுனி ஜூனியர் பண்ண திருடன் பாதி நேரம் அவருகிட்ட திட்டு வாங்கிட்டேதான் இருப்பான். அம்மாப்பேட்டை பயப்படற அசட்டு நம்பி இங்க இல்ல. அதே 2005ல இருந்து 2008க்குள்ள டிவிக்குன்னு டொனால்ட் ஸ்ட்ரேச்சி படம் நாலு வந்துச்சு, ஆல்பனி ஊரு டிடெக்டிவ், வீட்டுல துணைவரு, நடிச்ச சேட் ஆலனும் வெளிப்படையான கே. படமெல்லாம் சுமார்தான், ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு ஓகே.

குகை வாத்தியார்:

சாம்பு ஜாடை வரும்ங்கறத ஒத்துக்க மாட்டேன். ‘துப்பறியும்’ங்கறது சாம்புவுக்கு மட்டும் பட்டா போட்ட சொல் இல்ல, அந்தக் காலத்துல துப்பறியும் நாவல்னே ஒரு வகை ஓடுச்சு. நம்பிங்கற பேருலயும் ஒரு சொகம் இருக்கு, அகப்பொருளுக்கு இலக்கணம் எழுதுனவரே நாற்கவிராச நம்பி. காதலுக்கு ரூல் புக் போட்ட ஆளு பேரு.

அகப்பொருள்னு வாயில வந்ததால சொல்றேன், தம்பி, இந்தக் கையேட்டுல இன்னொரு சொல்லும் உங்களுக்கு வேணும். வெளிப்படையா சொல்லாம கோடு காட்டிட்டுப் போற பாத்திரம் இருக்கே, அதுக்கு. அமெரிக்காவுல 1934ல இருந்து ஹேஸ் கோட்னு தணிக்கை விதி கெடுபிடியா இருந்துச்சு, கே பாத்திரம்னு நேரா காட்டவே முடியாது. 1941 ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ல ஜோயல் கெய்ரோன்னு ஒருத்தன் வருவான், பீட்டர் லோர் பண்ணது, அவன் விசிட்டிங் கார்டுல கார்டேனியா பூ வாசனை அடிக்கும். டிடெக்டிவோட ஆபீஸ்ல அந்தக் கார்ட மோந்து பாக்கற எடத்துலயே பாக்கறவனுக்கு எல்லாம் புரிஞ்சிரும். நாவல்ல வெளிப்படையா இருந்தத சினிமா வாசனையாக்கிருச்சு. கவனிங்க, அப்பெல்லாம் வாசனை அடிக்கறது சந்தேகப்படற ஆள்மேல மட்டும்தான், டிடெக்டிவ் மேல அடிக்காது. இதுக்கு ‘சாடைப் பாத்திரம்’னு வெக்கலாம். சாடைமாடையா பேசறதுன்னு சந்தைல நிக்கற பாட்டிக்கும் தெரியும்.

சூரமங்கலம் தம்பி:

சாடைப் பாத்திரம் சூப்பர் வாத்தியாரே, எடுத்துக்கிட்டேன். அப்ப வெளிய சொல்லாம மறைச்சு வாழற டிடெக்டிவுக்கு? அகப்பொருள்லயே இருக்கே, களவு. ஊருக்குத் தெரியாத காதல். ‘களவுநிலைத் துப்பறிவாளர்’?

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

நகை திருட்டு கேஸ் பாக்கறவரா?

குகை வாத்தியார்:

அக்கா இருக்கறவரைக்கும் இந்தக் குழுவுக்கு எடிட்டர் தேவையில்ல. களவு வேண்டாம் தம்பி, மர்மக் கதைல களவுன்னா திருட்டுதான், சங்க இலக்கியம் படிச்சவன் பத்துப் பேருக்காக மத்தவன எல்லாம் கொழப்பக் கூடாது. ‘மறைவில் இருக்கும் நம்பி’ன்னு பச்சையா எழுதிட்டுப் போங்க, எல்லாத்துக்கும் கலைச்சொல் பண்ணணும்னு வேண்டுதலா என்ன.

ஏற்காடு எஸ்டேட்காரர்:

மறைவுன்னு பேச்சு வந்ததால எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற படத்தப் பத்தி சொல்லணும். மலையாளம் ‘மும்பை போலீஸ்’, 2013. முடிவ சொல்லப் போறேன், பாக்காதவங்க இந்த மெயில தாண்டிருங்க.

பிருத்விராஜ் ஆன்டனி மோசஸ்னு போலீஸ் அதிகாரி. கூட்டாளி போலீஸ்காரரு ஆர்யன சுட்டுக் கொன்னுட்டாங்க, ஆன்டனி அந்தக் கேஸ விசாரிக்கறாரு, கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு மேலதிகாரிகிட்ட போன்ல சொல்ற நேரத்துல ஆக்சிடெண்ட், ஞாபகம் போயிருது. மறுபடியும் மொதல்ல இருந்து அதே கேஸ விசாரிக்கறாரு, தன்னையே யாருன்னு தெரியாம. விசாரிக்க விசாரிக்க ரெண்டு உண்மை ஒண்ணா வந்து விழுது, தான் கே, கொலை பண்ணதும் தான். ஆர்யனுக்கு விஷயம் தெரிஞ்சு போனதுதான் கொலைக்குக் காரணம். பெரிய ஹீரோ ஒருத்தர் இந்த ரோல ஒத்துக்கிட்டாருங்கறதுக்கு நான் எப்பவும் தொப்பி தூக்குவேன். ஆனா கணக்கப் பாருங்க, நம்ம பக்கத்துல கெடைச்ச ஒரு துப்பறியும் நம்பி, அவரே கொலைகாரன், அவரு நம்பியா இருக்கறதுதான் மோட்டிவ். 1968 சினாட்ரா படத்துல கொலைகாரனுக்கு இருந்த அதே மோட்டிவ், ஆள் மட்டும் டிடெக்டிவ் நாற்காலிக்கு மாறிட்டாரு. நம்ம தமிழ்ல 2006 ‘வேட்டையாடு விளையாடு’ல அதுகூட இல்ல, வில்லனுங்க ரெண்டு பேரையும் ஹீரோ போலீஸ் ஒரு வார்த்தையால கேலி பண்ணிட்டு தாண்டிப் போறாரு.

காலத்தையும் பாருங்க. ‘மும்பை போலீஸ்’ வந்தது 2013 மே மாசம். ஒரே பாலுக்குள்ள உறவக் குத்தமாக்குன 377ஆம் பிரிவு, சம்மதத்தோட சேர்ற வயசு வந்தவங்களுக்குச் செல்லாதுன்னு 2009ல டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அப்ப உயிரோட இருந்துச்சு, அதே 2013 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அத ரத்து பண்ணிருச்சு, அப்புறம் 2018 செப்டம்பர் 6தான் உச்ச நீதிமன்றமே அவங்களுக்கு அது குத்தமில்லன்னு சொல்லுச்சு. சட்டத்துக்குப் பயந்து ஆன்டனி மோசஸ் கொல்லல, சக போலீஸ்காரன் பாக்கற பார்வைக்குப் பயந்து கொன்னாரு. அந்த பயத்த அந்தப் படம் நல்லாத்தான் காட்டுச்சு, அதனாலதான் என்னால அத திட்டவும் முடியல, கொண்டாடவும் முடியல.

இப்ப கலைச்சொல்லுக்கு வர்றேன். பெனுவா ப்ளாங்க துப்பறியும் நம்பின்னு போஸ்டர்லயே போடலாம், ஒருத்தன் டிக்கெட்டும் வீணாப் போகாது. ஆன்டனி மோசஸ அப்பிடிப் போட முடியுமா? போட்டா படம் காலி. அங்க நம்பிங்கறதுதான் விடை. ஒரே சொல்லு ஒரு படத்துல அறிமுகம், இன்னொரு படத்துல தீர்ப்பு. கையேட்டுல ரெண்டையும் ஒரே தலைப்புல போடறதுக்கு முன்னாடி இத யோசிங்க.

அம்மாப்பேட்டை:

இது நல்ல பாயிண்ட். நான் தனிப் பேரு எதுக்குன்னு கேட்டது வாபஸ். ஆனா இந்தச் சொல்ல அளவுகோலா வெச்சா நல்லாருக்கும்னு தோணுது, துப்பறியும் நம்பின்னு மொதல் வரில சொல்லியும் மர்மம் மிச்சம் இருந்தா மட்டும் அந்தத் தலைப்புல சேருங்க. சொன்னதும் மர்மம் தீந்துபோச்சுன்னா அந்த டைரக்டரு அந்த மனுசனையே மர்மமாத்தான் வெச்சிருக்காரு, டிடெக்டிவா வெக்கல.

குகை வாத்தியார்:

அளவுகோல் கொஞ்சம் கடுசு, ஆன்டனி மோசஸும் துப்பறியத்தானே செய்யறாரு, நல்லாவே துப்பறியறாரு, தன்னையே புடிக்கற அளவுக்கு. சொல்லு ரெண்டு பேருக்கும் பொதுவாத்தான் இருக்கணும். எங்க அச்சடிக்கறோம்ங்கறதுல மட்டும் எச்சரிக்கையா இருந்தாப் போதும்.

பில்லி வைல்டர் 1970ல எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் படத்தையும் பட்டியல்ல பாத்தேன், அதுல ஹோம்ஸ் ஒரு ரஷ்ய நடனக்காரிகிட்ட இருந்து தப்பிக்க வாட்ஸனும் நானும் ஒரு மாதிரின்னு சொல்லிருவாரு, வாட்ஸன் குதியோ குதின்னு குதிப்பாரு. அது சாடைப் பாத்திரம் பக்கம் போகட்டும், நம்பி பக்கம் வேண்டாம்.

சூரமங்கலம் தம்பி:

சரி, பிரஸ்ஸுக்குப் போற வடிவம் இது, மாத்தம் இருந்தா இன்னைக்கே சொல்லுங்க.

துப்பறியும் நம்பி: குற்றத்தை விசாரிக்கும் முதன்மைப் பாத்திரமாக வரும், ஆணை விரும்பும் ஆண். போலீஸ், தனியார், வக்கீல், யாராகவும் இருக்கலாம். பெண்ணை விரும்பும் பெண்ணாயின் துப்பறியும் நங்கை.

சாடைப் பாத்திரம்: வாசனை, உடை, பேச்சு போன்றவற்றால் நம்பி அல்லது நங்கை என உணர்த்தப்பட்டு, படத்தில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படாத பாத்திரம்.

வக்கீல்னு சேத்தது 1961 ‘விக்டிம்’ படத்துக்காக. டர்க் போகார்ட் வக்கீலா வந்து பிளாக்மெயில் கும்பல தேடிப் போறாரு, அவரு ஆசையும் வெளிய வந்துரும்னு தெரிஞ்சே போறாரு. இங்கிலாந்துல 1967 வரைக்கும் அது ஜெயிலு, பிளாக்மெயில்காரனுக்கு அந்தச் சட்டம்தான் மூலதனம். என்னக் கேட்டா மொத நாள் மொதப் படம் அதுதான் போடணும்.

‘மும்பை போலீஸ்’ஸ நம்பி நாள்ல இருந்து எடுத்து, பொது மர்மப் படம்னு வேற நாளுக்கு மாத்திட்டேன், கையேட்டுல கதையப் பத்தி ஒரு வரிகூட இல்ல. யாருக்கும் முடிவு தெரியக்கூடாது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:

நான் அந்தப் படம் பாக்கல தம்பி. தாண்டிருங்கன்னு ஏற்காட்டுக்காரரு எழுதுனாரு, நான் தாண்டிட்டேன், அடுத்த மெயில்ல வாத்தியாரு தன்னையே புடிக்கறாருன்னு எழுதி வெச்சிருக்காரு. எனக்கு அன்னைக்கு டிக்கெட் வேண்டாம், ‘விக்டிம்’முக்கு மட்டும் ரெண்டு சீட்டு போட்டு வைங்க, பஸ்ல வர்றேன்.